சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்: புகையையும் சுவையையும் வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

எடின்பரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சில குளிர்காலங்களாக நண்பர்களோடு சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்சை, அதாவது ஸ்காட்லாந்தில் ஒரே டிஸ்டிலரியில் (விஸ்கி காய்ச்சும் ஆலையில்) மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்துச் செய்த விஸ்கியை, ஒப்பிட்டுப் பார்த்து வருகிறேன். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பேர் கேள்விப்பட்ட நாலு பாட்டிலைக் கொண்டுவருவார்கள், கைக்கு வந்த வரிசையில் ஊற்றுவார்கள், மூன்றாவது கிளாஸில் "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு" என்பார்கள். அவர்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. இரண்டு கிளாஸுக்கு நடுவே நாலு விஷயம் ஒரே சமயத்தில் மாறினால் எந்த வித்தியாசம் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுகள்தான். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒன்று தவறினால் அடுத்ததும் கெடும்.

1. வாங்குவதற்கு முன்: பிபிஎம் எண்ணை ஓரமாக வையுங்கள்

பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிக் கிடக்கும் பாசியும் செடியும். வெட்டிக் காயவைத்தால் நம் ஊர் வரட்டி மாதிரி கனன்று எரியும், புகையும் அதிகம். முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போது சூளையில் இதை எரித்தால், புகையில் இருக்கும் ஃபீனால் வகைச் சேர்மங்கள் ஈரம் காயாத பார்லியின் மேல் படியும். விஸ்கியில் நீங்கள் உணரும் புகை ஏறக்குறைய முழுவதும் அந்தச் சூளையில் ஏறியதுதான். பீப்பாயின் உள்பக்கத்தைத் தீயில் கருக்குவதால் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கருக்கிய ஓக் மரம் முக்கியமாகத் தருவது வனிலா, காரமல் பக்கத்து மணங்களை.

பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்ற எண் இந்த ஃபீனால்களின் அளவு. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் எண் பார்லியில் அளந்தது, பாட்டிலில் அளந்தது அல்ல. அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, நொதிக்கவிட்டு, காய்ச்சி வடித்து முடிப்பதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். எவ்வளவு போகும் என்பது டிஸ்டிலரிக்கு டிஸ்டிலரி மாறும். காய்ச்சும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியைத்தான் பீப்பாய்க்கு எடுப்பார்கள். ஃபீனால்கள் அந்த நடுப்பகுதியின் பின்பாதியில்தான் அதிகம் வரும். சீக்கிரம் நிறுத்துபவருக்குப் புகை குறைவு, இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிடுபவருக்கு அதிகம். அப்புறம் பீப்பாயில் வருடங்கள் போகப் போகப் புகை தணியவும் செய்யும்.

ப்ரூக்லாடி டிஸ்டிலரியின் ஆக்டோமோர் வரிசையில் 8.3 என்ற வெளியீட்டுக்குச் சொல்லப்பட்ட எண் 309.1. அதே டிஸ்டிலரியின் போர்ட் ஷார்லட்டுக்கு 40. ஏழெட்டு மடங்கு புகை இருக்கும் என்று எதிர்பார்த்து ஆக்டோமோரைக் குடிப்பவர் ஏமாந்துதான் போவார். அரிசி மூட்டையை நிறுத்து, பொங்கலின் ருசியைச் சொல்ல முடியுமா?

ஊரைப் பார்த்து வாங்குவதிலும் இதே தவறு நடக்கிறது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவு என்றாலே புகை என்று ஒரு நம்பிக்கை. புன்னஹாவன் 12 (பெயரோடு வரும் எண் பீப்பாயில் இருந்த குறைந்தபட்ச வருடங்கள்), ப்ரூக்லாடியின் கிளாசிக் லாடி இரண்டும் ஐலாவில் செய்தவைதான், இரண்டும் பீட் போடாத பார்லி. ஹைலண்ட் பகுதியில் இருக்கும் ஆர்ட்மோரோ பீட் புகைக்குப் பேர் போனது. ஊர் ஒரு துப்பு, அவ்வளவுதான்.

2. ஜோடியாகத் தேர்ந்தெடுங்கள்

இந்த வேலையில் பாதி வெற்றி தோல்வி இங்கேயே முடிவாகிவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுவையை மாற்றுபவை முக்கியமாக நான்கு: பீட், பீப்பாய், காய்ச்சும் முறை, ஆல்கஹால் சதவீதம். வயதை ஐந்தாவதாக வைத்துக்கொள்ளலாம். இதில் ஒன்று மட்டும் மாறி மற்றவை கூடியவரை ஒன்றாக இருக்கும் ஜோடிகளைத் தேட வேண்டும்.

*முதல் ஜோடி: பீட் உண்டா, இல்லையா.* மல் தீவில் இருக்கும் டோபர்மோரி டிஸ்டிலரி ஒரே கலன்களில் இரண்டு விதமாகக் காய்ச்சுகிறது. பீட் போடாதது டோபர்மோரி 12. பீட் போட்டது லெட்சிக் 10. இரண்டும் 46.3%. லேபிளில் உள்ளபடி எழுத்துக் கூட்டினால் "லெடேய்க்" என்றுதான் வாயில் வரும். உள்ளூர்க்காரர்கள் சொல்வது லெட்சிக். இவை கிடைக்காவிட்டால் ப்ரூக்லாடியின் கிளாசிக் லாடியும் போர்ட் ஷார்லட் 10-உம். இரண்டும் 50%. இந்தச் சதவீத ஒற்றுமை ஏன் முக்கியம் என்று 8-ஆம் படியில் வரும்.

*இரண்டாம் ஜோடி: பார்லி ஒன்று, காய்ச்சும் கை வேறு.* கல் ஈலா 12, லகவூலின் 16. இரண்டும் ஐலா, இரண்டுக்கும் அதே தீவின் போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்துதான் பார்லி வருகிறது. சொல்லப்படும் பிபிஎம்மும் ஏறக்குறைய ஒன்றே, 35 அளவில். பாட்டிலில் இரண்டும் 43%. லகவூலின் பேரிக்காய் வடிவக் கலன்களில் மெதுவாகக் காய்ச்சுகிறது. கல் ஈலாவின் கலன்கள் பெரியவை. கலன்களின் செம்போடு ஆவிக்குக் கிடைக்கும் உறவாட்டம் கூடினால் சாராயம் லேசாகும். குடித்துப் பார்த்தால் ஒரே பார்லி என்று நம்புவது கடினம். வயதில் நாலு வருட இடைவெளி இருப்பதால் இது சுத்தமான ஜோடி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் பிபிஎம் மயக்கத்தைத் தெளிய வைக்க இதைவிட நல்ல மருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

*மூன்றாம் ஜோடி: புகை ஒன்று, பீப்பாய் வேறு.* கில்ஹோமன் டிஸ்டிலரியின் மகிர் பே, சானிக். இரண்டும் 46%. மகிர் பே பெரும்பாலும் பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் இருந்தது. சானிக்கில் ஒலரோசோ ஷெரி என்ற ஸ்பானிஷ் ஒயின் பீப்பாயின் பங்கு அதிகம். ஷெரியின் உலர்திராட்சை இனிப்புக்குப் பின்னால் புகை எப்படி மறைந்து நிற்கிறது என்பதை இதில்தான் பார்க்கலாம்.

முதல் நாளே ஆறையும் திறக்காதீர்கள். முதல் இரவுக்கு முதல் இரண்டு ஜோடிகள், நாலு விஸ்கி போதும். நாலைத் தாண்டினால் மூக்கு வேலைநிறுத்தம் செய்துவிடும். மூன்றாம் ஜோடியை வேறொரு நாள் வையுங்கள். அன்றைக்குக் கல் ஈலாவில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அதை முதல் கிளாஸாக ஊற்றுங்கள். போன வாரம் அதற்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள் என்று தெரியும் அல்லவா? இன்றைய உங்கள் மூக்கு அன்றைய மூக்கோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க அதுதான் அளவுகோல்.

முழு பாட்டில்களாக வாங்கினால் பணம் கரைந்துவிடும். 5 சென்டிலிட்டர் மினியேச்சர் அல்லது 3 சென்டிலிட்டர் மாதிரிக் குப்பிகளாகத் தேடுங்கள், இல்லாவிட்டால் நாலு பேர் ஆளுக்கொரு பாட்டில் எடுத்துப் பங்கிடுங்கள். வாங்கும்போது லேபிளில் சதவீதத்தைப் பார்க்க மறக்காதீர்கள். ஒரே பெயர் நாட்டுக்கு நாடு வேறு சதவீதத்தில் வரும். லஃப்ராய்க் 10 பிரிட்டனில் 40%, வேறு சில நாடுகளில் 43%. இந்தியாவில் விற்கும் ஸ்காட்ச் பலவற்றில் 42.8% என்று இருக்கும்.

இன்னொன்று. ஜோடியின் இரண்டு பாட்டிலையும் ஒரே வாரத்தில் திறந்திருக்க வேண்டும். ஒரு முறை, ஆறு மாதமாக அடிமட்டத்தில் கிடந்த ஒரு பாட்டிலை அன்றைக்குத் திறந்த இன்னொன்றோடு வைத்து, பழையதில் புகை ரொம்பக் குறைவு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு புது பாட்டில் வாங்கிப் பார்த்தால் கதை தலைகீழ். பாதிக்கு மேல் காற்று இருக்கும் பாட்டிலில் புகை மாதக்கணக்கில் மங்கிப்போகும்.

3. மேசைக்கு வேண்டியவை

கிளாஸ்: அடி அகன்று, வாய் குறுகியது. கிளென்கேர்ன் என்ற கிளாஸ் இதற்கென்றே செய்தது. சின்ன ஒயின் கிளாஸும் போதும். நேர் சுவர் உள்ள டம்ளரில் மணம் பறந்துவிடும். எல்லாம் ஒரே வடிவமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது கிளாஸைத்தான்.

கழுவியது வெந்நீரில் மட்டும் இருக்கட்டும். எலுமிச்சை வாசனை சோப்பில் கழுவிய கிளாஸ்களைத் தந்து, நாலு பேரும் நாலு விஸ்கிக்கும் "எலுமிச்சைத் தோல்" என்று எழுதியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று. குழந்தைக்கு மருந்து கொடுப்பதற்கு மருந்துக்கடையில் கிடைப்பதுதான். விஸ்கியை அளக்கவும், முக்கியமாகத் தண்ணீரை அளக்கவும் வேண்டும்.

தண்ணீர்: ஸ்காட்லாந்துக் குழாய்நீர் மென்னீர், அப்படியே பயன்படுத்தலாம். உங்கள் ஊரில் உப்போ குளோரின் வாடையோ இருந்தால் பாட்டில் தண்ணீர். அறை வெப்பத்தில் இருக்கட்டும்.

கிளாஸை மூட சின்னத் தட்டுகள், துப்ப ஒரு கோப்பை, உப்பில்லாத வெறும் பிஸ்கட் அல்லது வெள்ளை ரொட்டி, ஆளுக்கு ஒரு தாள், பென்சில், கடிகாரம். ஐஸ், சோடா, கோலா மேசைக்கே வரக்கூடாது. குளிரில் மணம் மேலே எழும்பாது, நாக்கும் மரத்துவிடும்.

4. அறையும் வயிறும்

வெறும் வயிற்றில் உட்காராதீர்கள், உடனே சாப்பிட்டுவிட்டும் உட்காராதீர்கள். தயிர்சாதம் மாதிரி சாதுவாக ஏதாவது சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

நம் ஆட்களிடம் சொல்லக் கஷ்டமான விதி இது: சைட் டிஷ் கிடையாது. மிக்சர், சிக்கன் 65, ஊறுகாய் எல்லாம் முடிந்த பிறகு. மிளகாயின் எரிச்சல் நாக்கில் இருக்கும்போது ஆல்கஹாலின் எரிச்சலையும் புகையின் காரத்தையும் பிரிக்க முடியாது. ஒரு நண்பர் சட்டைப்பையில் கடலை பர்பி வைத்துத் தின்றுகொண்டே எல்லாவற்றுக்கும் "வெல்லம், வேர்க்கடலை" என்று எழுதினார். அவர் எழுதியதில் பொய் இல்லைதான்.

அறையில் அத்தர், பெர்ஃபியூம், ஊதுபத்தி, சமையல் புகை எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணி போட்ட கூடத்திலேயே எங்கள் அமர்வு நடந்தது. பீட் வாடையே இல்லாத கிளென்கின்சியைக் கூட மூன்று பேர் "லேசான புகை" என்று எழுதிவிட்டார்கள். காபியும் சிகரெட்டும் ஒரு மணி நேரம் முன்பே முடிந்திருக்கட்டும்.

சளி பிடித்திருந்தால் தள்ளிப்போடுங்கள். புகை தெரிவது மூக்கில்தான்.

5. தாளைத் தயார் செய்யுங்கள்: புகையை மூன்றாகப் பிரியுங்கள்

"புகை: 10-க்கு 7" என்று எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. ஆர்ட்பெக்குக்கும் 7, டாலிஸ்கருக்கும் 7 என்று எழுதிவிட்டு, ஏன் இரண்டும் வேறு வேறாகத் தெரிகிறது என்று குழம்புவீர்கள். தாளில் புகைக்கு மூன்று கட்டம் போடுங்கள்: எவ்வளவு, எந்த வகை, எப்போது.

எவ்வளவு என்பதற்கு 0 முதல் 5 வரை போதும். 10 வரை வைத்தால் 6-க்கும் 7-க்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று சண்டை வரும்.

எந்த வகை என்பதுதான் சுவாரசியமானது, பிபிஎம் சொல்லாததும் இதுதான். ஃபீனால் வகையில் பல சேர்மங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாடை. குவாயகால் விறகுப் புகை மாதிரி. மாசிக் கருவாட்டை உடைத்தால் வருமே, அந்தப் பக்கம். கிரெசால் வகை தார், மருந்து. ஃபீனால் தனியாகப் பழைய சிவப்பு லைஃப்பாய் சோப்பின் கார்பாலிக் வாடை; கார்பாலிக் அமிலம் என்பதே ஃபீனாலின் பழைய பெயர்தான். எந்த நிலத்துப் பீட் என்பதாலும் இது மாறும். ஐலாவின் பீட்டில் மரம் குறைவு, பாசி அதிகம்; அங்கே மருந்து, டிங்சர் அயோடின் பக்கத்து வாடை. ஆர்க்னி தீவின் பீட்டில் ஹெதர் என்ற புதர்ச்செடி நிறைய. அங்கே காய்ச்சும் ஹைலண்ட் பார்க்கின் புகையில் ஒரு பூ வாசமும் தேன் சாயலும் இருப்பதாகப் பலர் சொல்வது அதனால்தான்.

புத்தகத்தில் உள்ள சொற்களைத் தேடாதீர்கள். "கடற்கரைக் கூடார நெருப்பு" என்பது யாருடைய நினைவோ. உங்கள் மூக்குக்கு நினைவிருப்பதை எழுதுங்கள்: அணைத்த விறகடுப்பு, ஆஸ்பத்திரி வராந்தா, கருவாடு, ரோடு போடும் தார், சுட்ட சோளம், சாம்பிராணி, தீபாவளிக்கு மறுநாள் தெரு. என் மனைவி லகவூலினுக்கு "புகை பிடித்த பாயசம்" என்று எழுதினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், அதைவிடச் சரியாக யாரும் எழுதவில்லை.

எப்போது என்பது: மோந்தபோதா, வாயில் வைத்ததுமா, விழுங்கிய பிறகா? சில விஸ்கி மூக்கில் மிரட்டிவிட்டு வாயில் பணிந்துவிடும். சிலது மூக்கில் ஒன்றும் காட்டாமல் தொண்டைக்குப் போன பிறகு கிளம்பும்.

புகைக்கு அப்புறம் பழம், இனிப்பு, மரம், மசாலா, கரிப்பு என்று தனி வரி போடுங்கள். உப்புக் கரிப்பு என்று எழுதத் தோன்றினால் தாராளமாக எழுதலாம். காய்ச்சி வடிக்கும்போது உப்பு ஆவியாகி வராது, ஆனாலும் நாக்குக்கு அப்படித் தோன்றுவது நிஜம்தான்.

நிறத்துக்கு வரி வேண்டாம். ஸ்காட்ச்சில் நிறத்துக்காகக் காரமல் சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. கரும்பழுப்பைப் பார்த்தால் வயதும் புகையும் அதிகம் என்று மனம் தானாக முடிவு கட்டிவிடும். விளக்கைக் கொஞ்சம் மங்கலாக வைத்தால் நல்லது.

6. ஊற்றும் வரிசையும் பெயரை மறைப்பதும்

ஒரு கிளாஸுக்கு இப்போது 10 மில்லி. இன்னொரு 10 மில்லி பிறகு தண்ணீரோடு வரும். நாலு விஸ்கிக்கும் சேர்த்து ஆளுக்கு 80 மில்லி, மூன்று சின்ன பெக்குக்கும் குறைவு. துப்பினால் இன்னும் குறையும். துப்புவதை அவமானமாக நினைக்காதீர்கள். காரில் வந்தவர் துப்பினாலும் ஓட்டக்கூடாது; ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து வண்டி ஓட்டுபவருக்கான ஆல்கஹால் வரம்பு இங்கிலாந்தைவிடக் குறைவு.

ஊற்றுபவர் ஒருவர், கிளாஸ்களை இடம் மாற்றி எண் ஒட்டுபவர் இன்னொருவர். எந்த எண் எதற்கு என்று இருவரில் ஒருவர் எழுதி மடித்து வைக்க வேண்டும். விலை தெரிந்தால் விலைதான் ருசிக்கும்.

முதல் ஜோடியில் ஒரு சிக்கல் உண்டு. பீட் போட்டதை முதலில் குடித்துவிட்டால் அடுத்ததில் இல்லாத புகை தெரியும். வாயில் ஒட்டிய ஃபீனால் சீக்கிரம் போகாது. அதனால் முதலில் இரண்டையும் மோந்து மட்டும் பாருங்கள். எது புகை என்று உடனே தெரிந்துவிடும். புகையில்லாததை முதலில் குடியுங்கள், மற்றதைப் பிறகு. அதன் பிறகுதான் இரண்டாம் ஜோடி மேசைக்கு வரவேண்டும். நாலையும் ஒரே தடவையில் ஊற்றி வைத்தால் யாராவது கை நீட்டிவிடுவார்கள்.

ஊற்றியதும் மூடிவைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். ஆல்கஹாலின் முதல் குத்தல் கொஞ்சம் அடங்கும்.

7. மோந்து பார்த்து, பிறகு குடிப்பது

ஒயினுக்குச் செய்வதுபோல மூக்கை கிளாஸுக்குள் விடாதீர்கள், சுழற்றவும் வேண்டாம். 46% சாராயத்தை அப்படி இழுத்தால் மூக்கு பத்து நிமிடத்துக்கு மரத்துப்போகும். கிளாஸை முகவாய்க்குக் கீழே பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்து, மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வாய் திறந்திருந்தால் ஆவியின் வேகம் கொஞ்சம் குறையும். இப்படி மூன்று தடவை, நடுவே அரை நிமிட இடைவெளி. முதல் தடவை ஆல்கஹால்தான் தெரியும், இரண்டாவதில் புகை, மூன்றாவதில்தான் புகைக்குப் பின்னால் இருக்கும் பழம், வனிலா, மரம். பெரும்பாலானவர்கள் இரண்டோடு நிறுத்திவிட்டு "வெறும் புகை" என்று எழுதுகிறார்கள்.

ஒரே வாடையைத் தொடர்ந்து மோந்தால் மூக்குக்குப் பழகிவிடும், புகை குறைந்த மாதிரி தோன்றும். அப்போது உங்கள் முழங்கையின் உள்மடிப்பை மோந்து பாருங்கள். உங்கள் தோலின் வாடை உங்கள் மூக்குக்குப் பூஜ்ஜியம், அங்கிருந்து திரும்பத் தொடங்கலாம். காபிக்கொட்டை வைப்பவர்கள் உண்டு. எனக்கு அது இன்னொரு வாடை, அவ்வளவுதான்.

குடிக்கும்போது முதல் வாய் கணக்கில் இல்லை. அரை டீஸ்பூன் அளவு எடுத்து வாய் முழுக்க நனைத்து விழுங்குங்கள், எதுவும் எழுதாதீர்கள். வாய் சாராயத்துக்குத் தயாராகத்தான் அது. முதல் வாயை வைத்தே தீர்ப்பு எழுதுபவர்கள் எழுதுவதெல்லாம் எரிச்சலைப் பற்றி.

இரண்டாவது வாயைப் பத்து விநாடி வாயில் வைத்திருங்கள். நாக்கில் எண்ணெய் போலப் படிகிறதா, தண்ணீர் போல ஓடுகிறதா என்று பாருங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மெல்ல மூச்சு விடுங்கள். புகை முழுதாகத் தெரிவது இந்த மூச்சில். தொண்டை வழியாக மணம் மூக்குக்கு ஏறும் பாதை அதுதான். இதைச் செய்யாதவர் விஸ்கியில் பாதியைத் தவறவிடுகிறார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, புகை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறியுங்கள். "நீண்ட நேரம்" என்று எழுதாதீர்கள், நிமிடமாக எழுதுங்கள்.

எழுதி முடியும்வரை பேச்சு கூடாது. ஒருவர் "டெட்டால்!" என்று சொல்லிவிட்டால் போதும், மேசையில் இருக்கிற எல்லோருக்கும் டெட்டால் வந்துவிடும்.

8. தண்ணீர் சேர்த்து இரண்டாம் சுற்று

புதியவர்கள் அதிகம் தவறவிடும் படி இது. "தண்ணி ஊத்தினா கெட்டுப்போகும்" என்று ஒரு வீராப்பு. ஆனால் சதவீதம் வேறு வேறாக இருக்கும்வரை புகையை ஒப்பிடவே முடியாது. 46.3% லெட்சிக்கின் குத்தலை 43% கல் ஈலாவின் குத்தலோடு வைத்தால், கூடுதலாகக் குத்துவதைக் கூடுதல் புகை என்று மூளை எழுதிவிடும். ஜோடிக்குள் சதவீதம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 2-ஆம் படியில் சொன்னது இதனால்தான். ஜோடியை விட்டு ஜோடி ஒப்பிட வேண்டுமானால் எல்லாவற்றையும் 40%-க்குக் கொண்டுவர வேண்டும்.

கணக்கு எளிது. பாட்டிலின் சதவீதத்தை 40-ஆல் வகுத்து, 1 கழித்து, விஸ்கியின் மில்லியால் பெருக்குங்கள். வருவதுதான் சேர்க்க வேண்டிய தண்ணீர். 10 மில்லிக்கு:

46.3% என்றால் 1.6 மில்லி. 46% என்றால் 1.5. 43% என்றால் 0.75. கிளாசிக் லாடி, போர்ட் ஷார்லட் போல 50% என்றால் 2.5.

"ரெண்டு சொட்டு" என்று கண்ணளவில் விடாதீர்கள், சிரிஞ்சில் அளந்து விடுங்கள். முதல் சுற்றில் மிஞ்சியதில் ஊற்றவும் வேண்டாம். மிஞ்சியது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. கிளாஸைக் காலி செய்து, புதிதாக 10 மில்லி ஊற்றி, தண்ணீர் சேர்த்து, ஐந்து நிமிடம் மூடிவையுங்கள்.

தண்ணீர் புகையைக் குறைக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். பல சமயம் மூக்கில் அது கூடத்தான் செய்யும். சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017-இல் கணினி மூலம் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஆல்கஹால் 45% அளவுக்கோ அதற்குக் கீழேயோ இருக்கும்போது குவாயகால் திரவத்தின் மேற்பரப்பில் வந்து நிற்கிறது; 59%-க்கு மேல் போனால் எத்தனால் சூழ்ந்துகொள்ள உள்ளேயே தங்கிவிடுகிறது. அதாவது அந்த விறகுப்புகை மூலக்கூறு மூக்குக்கு எட்டும் இடத்துக்கு வர, தண்ணீர் வேண்டும். பீப்பாயிலிருந்து அப்படியே அடைத்த 58%, 60% விஸ்கிகளைத் தண்ணீர் இல்லாமல் குடித்துவிட்டு "புகை பத்தவில்லை" என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்தச் சுற்றில் எழுதிய மதிப்பெண்ணைத்தான் ஜோடி விட்டு ஜோடி ஒப்பிடப் பயன்படுத்த வேண்டும். முதல் சுற்று ஜோடிக்குள் மட்டும்.

9. உங்கள் மூக்கைச் சோதியுங்கள்

கல் ஈலாவுக்கு 3, லகவூலினுக்கு 4 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு மதிப்பெண் நிஜமா, கற்பனையா? மூன்று கிளாஸ் சோதனை செய்தால் தெரியும். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது, 5 மில்லி போதும், தண்ணீர் சேர்த்தே. வேறு ஆள் ஊற்றட்டும். மோந்து மட்டும் பார்த்து, தனித்து நிற்பது எது என்று சொல்லுங்கள். கண்ணை மூடிக் குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வரும், அதனால் ஒரு தடவை வென்றதை வைத்துக் கொண்டாட வேண்டாம். நாலு தடவையில் நாலும் சரியென்றால் உங்கள் மூக்கை நம்பலாம்.

முதல் ஜோடியில் யாரும் தோற்பதில்லை. இரண்டாம் ஜோடியில் நான் இரண்டு தடவை தோற்றிருக்கிறேன்.

10. மடித்த தாளைத் திறப்பது, மறுநாள் காலை

எல்லோரும் தங்கள் தாளைப் படித்து முடித்த பிறகே பெயர்களைத் திறங்கள். திறந்த பிறகு யாரும் பென்சிலைத் தொடக்கூடாது. "நானும் அதுதான் நினைச்சேன்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். தாளில் இருப்பதுதான் கணக்கு. ஒருவர் 2, இன்னொருவர் 4 என்று எழுதியிருந்தால் சராசரி எடுக்காதீர்கள். ஃபீனால்களை உணரும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் 4-ஐ உங்கள் மற்ற மதிப்பெண்களோடு ஒப்பிடுங்கள், பக்கத்து ஆளுடையதோடு வேண்டாம்.

இப்போது மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்கலாம்.

கிளாஸ்களை மட்டும் கழுவாமல், எண்ணோடு அப்படியே மேசையில் விடுங்கள். காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன் ஒவ்வொன்றாக மோந்து பாருங்கள். ஆல்கஹால் முழுக்கப் பறந்திருக்கும். கிளாஸின் சுவரில் காய்ந்து நிற்பது ஃபீனாலும் பீப்பாயும்தான். டோபர்மோரி இருந்த கிளாஸில் மரத்தூளும் மெல்லிய இனிப்பும் இருக்கும். லெட்சிக் இருந்ததில் முந்தின நாள் அணைத்த அடுப்பின் சாம்பல். இரவு முழுக்க யோசித்தும் எழுத முடியாமல் தாளில் காலியாக விட்ட கட்டங்களை அப்போது நிரப்புங்கள், வேறு நிறப் பென்சிலில்.